ஆறு மணிக்கு ஒரு ரிங்

ஆறு மணிக்கு ரிங் விட்டாச்சு. ஒரே ஒரு ரிங். ஒண்ணு, ரெண்டு என்று மனசுக்குள் எண்ணி, சிவப்புப் பொத்தானை அமுக்கி, போனை ஜன்னல் திட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆவுடையப்பன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். ஆறு என்றால் ஆறுதான். ஐந்து ஐம்பத்தொன்பதும் இல்லை, ஆறு ஒண்ணும் இல்லை. முப்பத்தோரு வருசம் திருநெல்வேலி பெரிய பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக நின்று டிரைவர்மார் உயிரை எடுத்த மனுசன். உடம்பிலே எது போனாலும் அந்தக் கடிகாரம் மட்டும் போகவில்லை. இனி ஆறு பத்துக்கு அங்கேயிருந்து ஒரு ரிங் வரும். குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருக்கிற வேதமாணிக்கம், கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, டவர் கிடைக்கிற ஒரு பாறை மேல் ஏறி நின்று ரிங் விட்டுவிட்டு இறங்குவார். எடுக்கக் கூடாது, அதுதான் ஏற்பாடு. எடுத்துத்தான் என்ன செய்ய? இரண்டு பேருக்கும் குரல்வளை கிடையாது. ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வாரத்தில், ஒரே டாக்டர் கையால் எடுத்துப் போட்டது. இருவருக்கும் மூச்சு இப்போது கழுத்துக் குழியில் இருக்கிற ஓட்டை வழியாகத்தான். மூணாவது மூக்கு என்று வேதமாணிக்கம் அதற்குப் பேர் வைத்திருந்தார். இரண்டு வருசமும் நாலு மாசமும் ஆகிறது, மழையோ வெயிலோ ஒரு நாள் தப்பியதில்லை. இந்தப் பக்கம் ஒரு ரிங், அந்தப் பக்கம் ஒரு ரிங். நான் இருக்கேன் ஓய், நானும் இருக்கேன் ஓய். அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பேச்சு முடிந்த பிறகுதான் ஆவுடையப்பனுக்கு அன்றைய பொழுது விடிந்த மாதிரி.

ஆறு பத்து ஆயிற்று. ஆறு பன்னிரண்டு. பாறையில் பனி வழுக்கும், மெதுவாக ஏறுவார் என்று ஒரு சமாதானம். ஆறு பதினெட்டு. இன்னும் நாலு மரம் பாக்கி இருக்கும், வெட்டிவிட்டு வருவார் என்று இன்னொரு சமாதானம். ஆனால் வேதமாணிக்கம் மரத்துக்காக ரிங்கைத் தள்ளிப்போடுகிற ஆள் இல்லையே, போன கிறிஸ்மஸுக்குக்கூட கோயிலிலிருந்து எழுந்து வெளியே வந்து ரிங் விட்டாராம், பெஞ்சாதி முறைத்தாளாம், செக்கப்புக்கு வந்தபோது சிலேட்டில் எழுதிக் காட்டிச் சிரித்தாரே. சிலேட்டு! வார்டில் இவர்கள் இரண்டு பேரும் எழுதி அழித்த சிலேட்டைப் பார்த்து நர்ஸம்மாவே தலையில் அடித்துக்கொள்வாள், பச்சப்பிள்ளைங்க தோத்தாங்க உங்க ரெண்டு பேர்ட்ட என்பாள். ஆவுடையப்பன் எழுதினால் சிலேட்டு கொள்ளாது, இடுக்கில் எல்லாம் நுணுக்கி நுணுக்கி எழுதுவார், வாயால் பேசினதைப் போலவே. வேதமாணிக்கம் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வார். ஒரு நாள் கழுத்துக் கட்டை மாற்றும்போது கண்ணாடியில் முதல்முறையாகத் தன் கழுத்தைப் பார்த்துவிட்டு வந்து படுத்த ஆவுடையப்பன், சாயங்காலம் வரை சுவரைப் பார்த்துக் கிடந்து, பிறகு எழுந்து எழுதினார்: ஊருக்குப் போனதும் கதையை முடிச்சிருவேன், யார்ட்டயும் சொல்லாதீரும். நுணுக்கி எழுதவில்லை, பெரிசு பெரிசாக எழுதினார். வேதமாணிக்கம் அதை வாசித்தார், அழிக்கவில்லை. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். அப்புறம் சிலேட்டின் பின்பக்கத்தைத் திருப்பி எழுதினார்: தினம் காலையில ஆறு மணிக்கு எனக்கு ஒரு ரிங். வரலேன்னா நான் பஸ் ஏறிருவேன். ஆவுடையப்பனுக்கு அன்றைக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது, இவன் யாரு என்னைக் கட்டிப்போட. ஆனாலும் கீழே ஒரே ஒரு சொல் எழுதினார். நானும். சும்மா ஒரு மரியாதைக்குத்தான் எழுதினார். அந்த மரியாதைச் சொல் இன்றைக்கு வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று அவருக்கென்ன தெரியும்.

ஆறு நாற்பதுக்கு வாசலில் பால்க்காரி பேச்சிக்கிளி சத்தம் கொடுத்தாள். "அண்ணாச்சி, பாலு! அக்கா எப்ப வாராவ, இன்னைக்கா நாளைக்கா?" ஆவுடையப்பன் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே ஒரு விரலைக் காட்டி, கையை மத்தியானத்து வெயிலுக்கு நேராக உயர்த்தினார். "மத்தியானம் வந்துருவாவளா, சரி சரி. என்ன அண்ணாச்சி மொகமே சரியில்ல, ராத்திரி தூங்கலியா?" என்று அவள் நிற்கிறாள். அவளிடம் ஒரு போன் இருக்கிறது, ஜாக்கெட்டுக்குள்ளே. சிலேட்டில் நம்பரை எழுதிக் காட்டி, இதுக்கு அடிச்சு வேதமாணிக்கம் எப்படி இருக்காருன்னு கேளு தாயி என்று எழுதினால் ஒரு நிமிசம், காரியம் முடிந்தது. சிலேட்டும் கையில்தான் இருக்கிறது, முதுகுக்குப் பின்னால். ஆனால் பேச்சிக்கிளி போனில் பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும். அந்தப் பக்கம் பெஞ்சாதி எடுத்து ஏதாவது சொல்லிவிட்டால்? பேச்சிக்கிளியின் முகம் மாறுமே, ஐயோ என்று வாயில் கை வைப்பாளே, அந்தக் கை வாய்க்குப் போகிற அந்த நொடியை இந்த வாசலில் நின்று பார்க்கணுமே. வேண்டாம். போன மாசம் செக்கப்பில் வேதமாணிக்கம் கழுத்தின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டி எழுதினார், இங்க ஒரு உருண்டை. டாக்டர் ஒண்ணுமில்லேங்காரு. ஒண்ணுமில்லை என்று சொல்லித்தானே எல்லாம் ஆரம்பிக்கிறது. ஆவுடையப்பனுக்கும் முதலில் வெறும் தொண்டைக்கட்டுதான், பஸ் ஸ்டாண்டில் கத்திக் கத்தி வந்த தொண்டைக்கட்டு, சிகரெட்டைக் குறைங்க சார் சரியாப் போயிரும். இன்னமும் விடியற்காலை கண் விழித்ததும் முதல் வேலை கழுத்தைத் தடவுவதுதான். இடது, வலது, தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னே. ஒரு நாள் இல்லாதது மறுநாள் இருக்கிற மாதிரி இருக்கும், மத்தியானம் மறுபடியும் இல்லாமல் போகும். விரலே கழுத்தைப் பார்த்துப் பயப்படும், கழுத்து விரலைப் பார்த்துப் பயப்படும். பேச்சிக்கிளி சைக்கிளை மிதித்துப் போய்விட்டாள். சிலேட்டு முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

ஆறு நாற்பத்தைந்துக்குக் குலசேகரத்துக்கு நேர் வண்டி ஒன்று எடுக்கும். மூணாம் நம்பர் பிளாட்பாரம். டிரைவர் இந்நேரம் டீயைக் குடித்துவிட்டுப் பின்சக்கரத்தை ஒரு உதை உதைத்துப் பார்ப்பான். ஆவுடையப்பன் அங்கே இருந்தால், ஏலே மணி ஆச்சு எடுலே, ஒங்க மாமியா வீட்டு விருந்தா இது என்று ஒரு சத்தம் போடுவார், கடைசி பிளாட்பாரத்தில் காய்கறிக் கூடையோடு நிற்கிற பொம்பளைகூடச் சிரிப்பாள். அந்தச் சத்தம்! விசில் ஒரு கையில் இருக்கும், ஆனால் விசிலுக்கு வேலையே கிடையாது. இப்போது விசில் ஊதவும் வாயில் காற்று இல்லை. எல்லாக் காற்றும் கழுத்தோடு போய் கழுத்தோடு வந்துவிடுகிறது. ஓய்வு பெற்று எட்டு மாசத்தில் இது. பெஞ்சாதி பிரமு நேற்றுக் காலையில் கிளம்பும்போது, "சங்கரன்கோயில்ல எல்லாரும் நம்ம ஆளுகதான, காதுகுத்து வீட்டுல ஒரு ஓரமா ஒக்காந்துட்டு வந்துருவோம், வாங்க" என்று எத்தனை தடவை கேட்டாள். அவர் வராந்தாத் தூணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி, நான் ஒருத்தியே போயிக் கெடக்கேன், தயிர்ச்சோறு கொழைச்சு வச்சிருக்கேன், ஒழுங்காத் தின்னுங்க" என்று அவள் கோபமாகப் போனாள், வாசலைத் தாண்டியதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஏட்டி பிரமு. அவ்வளவு கூப்பிட்டிருந்தால் போதும், கோபம் இறங்கியிருக்கும். முப்பத்து நாலு வருசம் அப்படித்தான் இறக்கினது. மகன் மணிவாசகன் ஓசூரிலிருந்து ஒரு மிஷினை வாங்கி அனுப்பினான், கழுத்தில் வைத்து அமுக்கி வாயசைத்தால் அது பேசும். ஆசையாக வைத்து முதல் சொல்லாக அவள் பேரைச் சொல்லிப் பார்த்தார். தகர டப்பாவுக்குள்ளே வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு பிரமு வந்தது. அவள் சிரிக்கிற மாதிரி ஆரம்பித்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மிஷின் பீரோ மேலே ஏறிவிட்டது. அவளாவது பக்கத்தில் இருந்தால் அவள் போனில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லலாம். இப்போது மணி ஆறு ஐம்பத்திரண்டு. நேர் வண்டி வண்ணார்பேட்டைப் பாலம் தாண்டியிருக்கும்.

பாலம் என்றதும் ஆறு வந்துவிட்டது. அது அப்படித்தான், எந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு போனாலும் கடைசியில் தாமிரபரணியில் கொண்டுபோய் விட்டுவிடும். முங்கிக் குளித்து எத்தனை நாளாச்சு! காலை டூட்டி முடிந்து வந்து குறுக்குத்துறையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் முதல் முங்கில் பஸ் ஸ்டாண்டு சத்தம் எல்லாம் காதிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும், இரண்டாவது முங்கில் டீசல் நாற்றம். இப்போது நாற்றமும் தெரியாது, வாசமும் தெரியாது, மூக்கு வழியாகக் காற்று போனால்தானே. பிரமு தலையில் வைக்கிற பிச்சிப்பூ, காப்பி இறக்குகிற வாசம், முதல் மழைக்குத் தார் ரோட்டிலிருந்து கிளம்புகிற அந்தச் சூடு, எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது. தண்ணியில மட்டும் இறங்கிராதீங்க ஐயா, ஓட்டைக்குள்ள தண்ணி போகக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு ஆவுடையப்பனுக்குக் குரல் போனதைவிட அதுதான் வலித்தது. ஊருக்கு வந்த முதல் மாசம் தினமும் ஆற்றை நினைத்தார். குளிக்கிற ஆசையா, வேற ஆசையா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும் ஒரே படித்துறையில் உட்கார்ந்திருந்தன. ஒரு விடியற்காலை, பிரமு தூங்குகிறாள் என்று நினைத்து, செருப்பை மாட்டிக் கதவைக்கூடத் திறந்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்து ஐம்பத்தாறு. நாலு நிமிசம். ரிங் விடாமல் போனால் அந்த மடையன் மலையிலிருந்து இறங்கி பஸ் ஏறிவிடுவானே, இங்கே வந்து பிரமுவிடம் என்னத்தை எழுதிக் காட்டுவான், இரண்டு சொல்லுக்கு மேல் எழுதத் தெரியாதவன். சரி, ரிங்கை விட்டுவிட்டுப் போவோம் என்று கட்டிலில் உட்கார்ந்தார். விட்டார். ரிங் விட்டுவிட்டு அப்படியே போக முடியுமா? நான் இருக்கேன் என்று ஒருத்தனிடம் சொல்லிவிட்டு இல்லாமல் போனால் அது பொய்யாகிவிடாதா? ஆறு பத்துக்குப் பதில் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டார். பிரமு தூங்கவில்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஏழு பத்துக்கு ஏற்பாட்டை மீறி மறுபடியும் ஒரு ரிங் விட்டார். ஏழு பதினைந்துக்கு இன்னொன்று. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பட்டன் போனில் ஒவ்வொரு எழுத்துக்கும் மூணு தரம் அமுக்கி, என்னாச்சு என்று இங்கிலீஷ் எழுத்தில் ஒரு மெசேஜ் அடித்தார். வேதமாணிக்கத்துக்கு அதை வாசிக்கத் தெரியாது, அவர் மகள் வாசித்துச் சொல்லட்டும். அனுப்பினால் ஒரு சின்னச் சிவப்புப் பெருக்கல் குறி வந்து, ஃபெயில்டு என்று காட்டியது. மறுபடியும் அனுப்பினார், மறுபடியும் ஃபெயில்டு. போய்ச் சேராது என்று போனுக்கே தெரிந்துவிட்டதா? அங்கே போனை அணைத்துவிட்டார்களா? ஒரு வீட்டில் எப்போது போனை அணைத்து வைப்பார்கள்? கடவுளே. ஏழரைக்கு இரண்டாவது வண்டி. அதைப் பிடிக்க ஏழுக்கே கிளம்பியிருக்கணும், அதனால் அது போகட்டும், எட்டு இருபது வண்டிக்குப் போய்க்கொள்ளலாம் என்று மனசு ரொம்ப நியாயமாகப் பேசியது. இந்த நியாயத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதா? லேட்டாக வருகிற டிரைவர்கள் எத்தனை பேர் இதே நியாயத்தோடு வந்து தலையைச் சொறிந்திருக்கிறார்கள். உண்மை என்னவென்றால் பயம். வேதமாணிக்கத்துக்கு என்ன ஆச்சோ என்கிற பயம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிசாக, சொல்ல வெட்கமாக இருக்கிறது, வாசல் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெருவைப் பற்றிய பயம். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் வாசலிலேயே ஆட்டோ வரும், பிரமு பக்கத்தில் உட்காருவாள். அதைத் தவிர இரண்டு வருசமாக இந்தத் தெருவில் அவர் கால் பதியவில்லை. கடைசியாகப் போன கல்யாணத்தில் பந்தியில் இருமல் வந்து, கழுத்துத் துணி விலகி, சளி தெறித்து, எதிர் வரிசையில் இருந்த ஒருத்தி தன் பிள்ளையின் முகத்தைத் திருப்பித் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டிலும் அவர் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுகிறார், பிரமு வெளியே உட்கார்ந்திருப்பாள். பெரிய பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் ஒவ்வொரு டிரைவரும் கண்டக்டரும் தெரிந்தவன். அண்ணாச்சி எப்படி இருக்கீய என்று கேட்பான். அந்தச் சத்தத்துக்குப் பதிலாகக் கழுத்திலிருந்து உஸ் என்று ஒரு காற்று வரும், அவன் கண் ஒரு தடவை கழுத்துக்கு இறங்கி ஏறும். அந்த இறங்கி ஏறுகிற கண் இருக்கிறதே. எட்டு இருபதும் போய்விட்டது. ஆமாம், உட்கார்ந்துகொண்டே அதையும் விட்டுவிட்டார். என்ன மனுசன் நீ என்று யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கேட்க வீட்டில் ஆள் இல்லை.

ஒன்பதரைக்கு அடுப்படியில் பால் திரிந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒன்று தோன்றியது, அது இத்தனை நாளும் ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. வேதமாணிக்கத்தின் குரலை அவர் கேட்டதே இல்லை. இரண்டு வருசமும் நாலு மாசமும் தினம் பேசுகிற ஆளின் குரல் எப்படி இருந்தது என்று தெரியாது. மலையாளம் கலந்து இழுத்து இழுத்துப் பேசியிருப்பாரோ? முன்னே கோயிலில் பாட்டுப் பாடுவேன் என்று ஒரு தடவை எழுதினாரே, கீழ் ஸ்தாயிக்கு இறங்கினால் குகைக்குள் போகிற மாதிரிக் குரலாக இருந்திருக்குமோ? பீடி சிகரெட்டு தொட்டதில்லை, எனக்கு ஏன் வந்துச்சுன்னு ஆண்டவருக்கே தெரியாது என்று எழுதினவர். ரப்பர் மரத்தைப் பார்த்தா நம்ம கழுத்து மாதிரியே இருக்கு, கீறின எடத்துல வடியுது, ஆனா மரம் சாகல பாரும் என்று எழுதினவர். அதுதான் அவர் எழுதினதிலேயே நீளமான வாக்கியம். ஐயோ, உம்ம குரலை ஒரே ஒரு தடவை கேட்கணும் ஓய். ஓய் என்று நீர் என்னைக் கூப்பிட்டால் அது எப்படி இருக்கும்? அந்த ஏக்கம் நெஞ்சில் ஏறி வந்து, கழுத்து ஓட்டையில் இருமலாக உடைந்து, துணியெல்லாம் நனைந்தது. அழுகைகூட இப்போது அந்த வழியாகத்தான் வருகிறது. துணியை மாற்றினார். பிரமு பின்னிக் கொடுத்த வெள்ளை நூல் துணி, இரண்டு பக்கமும் முடிச்சு. மஞ்சள் பையில் சிலேட்டையும் குச்சியையும் போட்டார், இன்னொரு துணி, தண்ணீர் பாட்டில். போனைச் சட்டைப் பையில் வைத்தார். சங்கரன்கோயில் போனவள் மத்தியானம் வந்து பார்த்தால் பதறுவாளே என்று காலண்டர் தாளைக் கிழித்து எழுதினார்: வேதமாணிக்கத்தைப் பாக்கப் போறேன். பயப்படாத. பயப்படாத என்பதைப் பார்த்துவிட்டு, யாருக்கு எழுதியிருக்கிறோம் என்று கொஞ்சம் யோசித்தார். ஒன்பது ஐம்பதுக்குப் பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தார். பத்தரை வண்டிக்குத் தாராளமாகப் போகலாம்.

தெரு அதே தெருதான். யாரும் அவருக்காகக் காத்துக்கொண்டு நிற்கவில்லை. வாய்க்கால் பாலத்துப் பக்கம் டீக்கடையில் மட்டும் நாலு பேர் கூடி நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தர், அழுக்குக் காக்கிச் சட்டை, மடித்துக் கட்டின கைலி, சட்டையெல்லாம் காய்ந்த ரப்பர் பால் வெள்ளை வெள்ளையாக. கையில் அட்ரஸ் எழுதின ஒரு நோட்டுத் தாளைப் பிடித்து டீ மாஸ்டரிடம் நீட்டுகிறார். "வேப்பமரத்து வீடா? அதோ அந்தக் கடைசில, டைம் கீப்பர் வீடு" என்று மாஸ்டர் கையை நீட்டினார், நீட்டின கை ஆவுடையப்பனைப் பார்த்ததும் பாதியில் நின்றது. "அட, அண்ணாச்சியே வாராவளே!" அந்த ஆள் திரும்பினார். கழுத்தில் துணி இல்லை. அவசரத்தில் மறந்திருக்கிறார். மலையிலிருந்து இறங்கி, மூணு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஊரில் ஒவ்வொருத்தரிடமும் தாளை நீட்டி, அந்தத் திறந்த கழுத்தோடு வந்து நிற்கிறார் வேதமாணிக்கம். ஓடிவந்து ஆவுடையப்பனின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார், தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார், பிறகு நெஞ்சில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார், நன்றாக வலித்தது. மஞ்சள் பையிலிருந்து சிலேட்டைப் பிடுங்கி, குச்சி ஒடிய எழுதினார்: ஏன் ரிங் விடல? நான் அடிச்சேன். இந்த நம்பர் சேவையில இல்லன்னு ஒரு பொம்பள சொன்னா.

ஆவுடையப்பன் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நம்பரை அமுக்கி, இரண்டு வருசமும் நாலு மாசமும் கழித்து முதல் தடவையாக அதைக் காதில் வைத்தார். அதே பொம்பளைதான். உங்கள் ரீசார்ஜ் காலம் முடிந்துவிட்டது என்று தேனாகச் சொன்னாள். மணிவாசகன் ஓசூரிலிருந்து போடுகிறவன், மறந்திருக்கிறான். பேசாதவனுக்குப் போனைக் காதில் வைக்க என்ன வேலை? போகாத ரிங்கை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்திருக்கிறார் காலையிலிருந்து. போனை வேதமாணிக்கத்தின் காதில் வைத்தார். அவர் கேட்டார், கண் விரிந்தது, அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமே இல்லை, இரண்டு கழுத்திலும் உஸ் உஸ் என்று காற்று மட்டும். டீக்கடைக்காரர்கள் என்னமோ ஏதோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்து முடித்து வேதமாணிக்கம் மஞ்சள் பையைப் பார்த்தார், வீட்டுப் பூட்டைத் தூரத்திலிருந்து பார்த்தார், எழுதினார்: எங்க கெளம்புனீரு? ஆவுடையப்பன் குச்சியை வாங்கி எழுதினார், உம்ம வீட்டுக்கு. வேதமாணிக்கத்தின் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதோடு விட்டிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் ஆறு மணிப் பேச்சில் பொய் கலந்ததில்லை. குலசேகரம் ஆறு இருபது வண்டி, முதல் வண்டி, இவர் ஏறி வந்திருக்கிறார். ஆவுடையப்பன் பெரிய பெரிய எழுத்தாக எழுதினார்: பயந்துட்டேன். மூணு வண்டிய விட்டுட்டேன்.

வேதமாணிக்கம் வாசித்தார். ரொம்ப நேரம் வாசித்தார், வார்டில் அன்றைக்கு மடியில் வைத்துக்கொண்டு இருந்த மாதிரி. பிறகு ரப்பர் பால் காய்ந்த உள்ளங்கையால் சிலேட்டை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, இரண்டு சொல் எழுதிக் காட்டினார். பசிக்கு ஓய். ஆவுடையப்பன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார், தயிர்ச்சோறு இருக்கிறது, கதவு இருக்கிறது, சாத்திக்கொள்ளலாம். வேதமாணிக்கம் தலையை ஆட்டிவிட்டு, அங்கேயே டீக்கடைப் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், மூணு மணி நேரம் பஸ்ஸில் வந்த ஆள். பக்கத்தில் இடம் இருந்தது. ஆவுடையப்பன் தெருவைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், தன் கழுத்துத் துணியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "அண்ணாச்சி, ரெண்டு டீ போடட்டுமா? இட்லி சூடா இருக்கு" என்று மாஸ்டர் கேட்டார். ஆவுடையப்பன் உட்கார்ந்து, இரண்டு விரலைக் காட்டினார்.